ஏற்காட்டில் பூ மழை தவறுகிறது, கீழே ஆறு நுரை தள்ளுகிறது

காபிக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாகலூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் காபி இருக்கிறது, அப்பா காலத்துத் தோட்டம், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி, ஓரத்தில் பலா, கொஞ்சம் ஆரஞ்சு. நான் எழுத வந்தது பூ மழையைப் பற்றி.

காபி தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அராபிகா செடி மாசி, பங்குனியில் மொட்டை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மழைக்காகக் காய்ந்து கிடக்கும். ஒரு இஞ்ச் மழையாவது விழ வேண்டும். விழுந்தால் எட்டு, பத்து நாளில் மலையே வெள்ளையாகி மல்லிகைக் கொல்லை மாதிரி மணக்கும். அந்தப் பூ கருகாமல் பிஞ்சு பிடிக்க இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வேண்டும். இரண்டும் முறையாக வந்துவிட்டால் கார்த்திகை, மார்கழியில் பழம் ஒரே சீராகச் சிவக்கும், இரண்டு மூன்று சுற்றில் பறித்து முடித்துவிடலாம்.

இப்போது சில வருஷமாக நடப்பது வேறு. தை மாதத்திலேயே முப்பது சென்ட், நாற்பது சென்ட் என்று ஒரு தூறல் போடுகிறது (மலையில் மழையை இஞ்ச், சென்ட் என்றுதான் சொல்வோம், நூறு சென்ட் ஒரு இஞ்ச்). அது மொட்டை எழுப்பிவிடுகிறது, ஆனால் விரிய வைக்கப் போதவில்லை. பாதி மொட்டு லேசாகச் சிவந்து அப்படியே நின்றுவிடும், விரலால் தொட்டால் கொத்தாக உதிரும். மிச்சம் அடுத்த மழைக்கு ஒரு தடவை, அதற்கடுத்த மழைக்கு ஒரு தடவை என்று தவணை தவணையாகப் பூக்கிறது. அறுவடைக்குப் போனால் ஒரே கிளையில் பச்சைக்காய், பழம், காய்ந்து கறுத்தது மூன்றும் அக்கம்பக்கமாக இருக்கும். போன தடவை ஆறு சுற்று பறித்தோம். ஆள் கிடைப்பதே பெரும்பாடு, இதில் ஆறு சுற்றுக்குக் கூலி கொடுத்தால் என்ன மிஞ்சும்? பறித்ததைக் களத்தில் பரப்பினால் வானம் மூடிக்கொள்கிறது, தார்ப்பாயைப் போடுவதும் எடுப்பதுமாகவே ஒரு மாதம் போய்விட்டது.

அப்புறம் தண்டு துளைப்பான் வண்டு. போன வாரம் ஒரு செடி இலை மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தது, வயசு இருபதுக்கு மேல் இருக்கும், அப்பா கையால் நட்டது. தண்டைத் தடவிப் பார்த்தால் பட்டைக்குள் கயிறு சுற்றினது மாதிரி மேடு. அரிவாளால் கீறினால் உள்ளே மாவாகப் பொடி அடைத்து, அதற்கு நடுவில் வெள்ளைப் புழு. பிடுங்கி எரிப்பதைத் தவிர அதற்கு வைத்தியம் கிடையாது. இந்த ஒரு வருஷத்தில் இப்படி எத்தனையோ செடிகளை எரித்துவிட்டோம். வெயிலும் வறட்சியும் அதிகமானால் இந்த வண்டுக்குக் கொண்டாட்டம், நிழலும் ஈரமும் இருந்தால் அடங்கும்.

கேட்க வந்தது இதுதான். இதெல்லாம் பூமி சூடாவதால் வருகிறதா, இல்லை நாமே இந்த மலையைக் கெடுத்துக்கொண்டதால் வருகிறதா? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.


கரட்டுக்காரன் எழுதியது:

தம்பி, மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் வெளிப்படையாகப் பேசுவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 200 வருஷம். இத்தனை வருஷம் தாங்கின மலை இப்போது ஏன் தாங்கவில்லை? அத்தி, ஆல், பலா, கல்யாண முருங்கை என்று இருந்த நிழல் மரங்களைக் கழித்துவிட்டு, விலைக்குப் போகும் என்று சில்வர் ஓக்கை வைத்தோம், அதையும் பணமுடை வந்தபோதெல்லாம் வெட்டி விற்றோம். உச்சியில் பாக்சைட் வெட்டினார்கள், அந்தச் செம்மண் பாறைத் தொப்பிதான் மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து ஊற்றாக விட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் விடுதி மேல் விடுதி, ஆளுக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு. நிழலை எடுத்தாயிற்று, ஊற்றை எடுத்தாயிற்று, இப்போது வந்து உலக வெப்பம் என்கிறோம். உலகம் சூடாகிறது என்று சொல்லிவிட்டால் உள்ளூரில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வருகிறது.


குகை வாசி எழுதியது:

அண்ணன் சொல்வது சரி. ஞாயிற்றுக்கிழமை கொண்டை ஊசி வளைவு இருபதிலும் வண்டி ஊர்கிறது, போகிற வழியெல்லாம் பாட்டிலும் பொட்டலமும். 2019 ஜனவரியிலிருந்து ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்கிறார்கள், ஆனால் காட்டுமாடு மேய்கிற சரிவில் அதே பைகள்தான் கிடக்கின்றன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது. சேலத்துக்காரர்கள் வெயில் தாங்காமல் மேலே ஓடுவதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவன்தான். ஆனால் எத்தனை வண்டியை அந்த மலை தாங்கும் என்று யாராவது கணக்குப் பார்த்தே தீர வேண்டும்.


காபிக்காடு எழுதியது:

கரட்டுக்காரன் அண்ணா, மரம் வெட்டியது உண்மை. எங்கள் தோட்டத்திலேயே தங்கை கல்யாணத்துக்கு ஒரு வரிசை சில்வர் ஓக் போனது, அந்த வரிசைக்குக் கீழே இருந்த செடிகளில்தான் துளைப்பான் முதலில் விழுந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். அதைத் திருப்பிப் போட்டால் ஒரு டிகிரி என்பது கிட்டத்தட்ட 150 மீட்டர் ஏற்றம். இந்தியாவின் சராசரி வெப்பம் 1901லிருந்து 2018க்குள் 0.7 டிகிரி கூடியிருக்கிறது என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. அதாவது தாத்தா காலத்துக் குளிரைத் தேடி ஒரு செடி போக வேண்டுமென்றால் இன்றைக்கு 100 மீட்டர் மேலே போக வேண்டும். அராபிகாவுக்குத் தோதான உயரம் 1,000 முதல் 1,500 மீட்டர், ஏற்காடு ஊரே ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கிறது, மொத்த சேர்வராயன் மலையின் உச்சியும் 1,600 மீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். ஆண்டிஸ் மலையில் காபி போடுகிறவன் மேலே ஏறிக்கொள்ளலாம். நாங்கள் எங்கே ஏறுவது? சேர்வராயன் கோயிலுக்கு மேலே வானம்தான் இருக்கிறது.

நான் ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் இருந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நிழல் இருந்திருந்தால் செடி கொஞ்சம் தாக்குப் பிடித்திருக்கும், அது வேறு.


ஆற்றோரம் எழுதியது:

உத்தமசோழபுரம் தாண்டி எங்கள் காடு. மலை ஆட்கள் பேசுவதைப் படித்தேன், எங்கள் பக்கத்தையும் சேர்த்துப் பேசுங்கள், ஏனென்றால் திருமணிமுத்தாறு உங்கள் மலையில்தான் பிறக்கிறது. மேலே அது தெளிந்த தண்ணீர். சேலம் ஊருக்குள் நுழைந்து வெளியே வரும்போது என்ன நிறம் என்று கேட்டால், அன்றைக்கு எந்தச் சாயமோ அந்த நிறம். அதோடு ஊர்ச் சாக்கடை, போகப் போக ஜவ்வரிசி ஆலைக் கழிவு.

மழை வந்தால் சந்தோஷப்படுவார்கள் ஊரில், எங்களுக்குப் பயம். சேர்த்து வைத்த கழிவையெல்லாம் மழை நாள் பார்த்துத் திறந்துவிடுகிறார்கள். 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது, ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல், மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது, நினைவிருக்கும். அப்போது ஆறு கரை தொட்டு வந்தது. தடுப்பணையில் விழுந்து எழும் இடத்தில் நுரை ஆளுயரத்துக்கு நின்றது, காற்றடித்தால் கட்டி கட்டியாகப் பறந்து வந்து சோளத்தட்டில் ஒட்டிக்கொண்டது. காய்ந்தபின் பார்த்தால் தட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படை, விரலில் தொட்டால் வழுவழு என்கிறது. மாட்டுக்குப் போட மனசில்லாமல் அந்தத் தட்டை அப்படியே மடக்கி உழுதோம்.

ஆற்றில் இத்தனை நுரை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துணிக்குச் சோப்புப் போட்டால் நுரையே வராது, அவ்வளவு உப்பு. அம்மா அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கும். இருபது வருஷமாகக் குடிக்க லாரித் தண்ணீர், கேன் தண்ணீர்தான்.


பட்டறை எழுதியது:

நான் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறேன், பதினெட்டு வருஷமாக. திட்டுங்கள், ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு போட்டே ஆக வேண்டும், உப்புதான் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளுகிறது. அப்படியும் போட்ட சாயம் முழுக்க ஏறாது, ஒரு பங்கு தண்ணீரிலேயே நிற்கும். பிடிக்காத சாயம் பிறகு துணியில் வழியக்கூடாது என்று சோப்பு எண்ணெய் போட்டுக் கொதிக்க வைத்து அலசுவோம், ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. உங்கள் கிணற்று உப்பும், ஆற்று நுரையில் ஒரு பங்கும் இங்கிருந்துதான் வருகின்றன. மிச்ச நுரை வீட்டுச் சாக்கடையில் வருகிற சோப்புத் தண்ணீர். நிறத்தை எடுப்பது பெரிய வேலை இல்லை. கரைந்த உப்பை எடுப்பதுதான் வேலை, சவ்வு வடிகட்டியில் அழுத்தித் தள்ளி, மிஞ்சின கெட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்து வற்ற வைக்க வேண்டும், மின்சாரமும் விறகும் தின்றுவிடும். நாலு தொட்டி வைத்திருக்கிற ஆளால் தனியாக அதைச் செய்ய முடியாது, பொது சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். திருப்பூரில் நொய்யல் கெட்டு, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் மொத்தமாக மூடச் சொன்ன பிறகுதான் அங்கே ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு எல்லோரும் வந்தார்கள். அந்த மாதங்களில் வேலை போனவர்கள் எங்கள் ஊருக்கும் வந்தார்கள், அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

நானும் ராத்திரியில் வால்வு திறந்தவன்தான். முதலாளி சொன்னார், செய்தேன். ஆற்றோரம் அண்ணா எழுதிய சோளத்தட்டைப் படித்துவிட்டு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.


ஆற்றோரம் எழுதியது:

நீங்கள் வந்து சொன்னதே பெரிசு தம்பி. உங்களைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது.


கரட்டுக்காரன் எழுதியது:

பார்த்தீர்களா, நான் சொன்னது இதைத்தான். நுரைக்குக் கார்பன் காரணமில்லை. வால்வு காரணம், அதற்கு ஆள் இருக்கிறது, முகவரி இருக்கிறது. வெப்பம் பற்றிப் பேசினால் முகவரி இல்லாமல் போய்விடுகிறது.


பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது:

நான் வேதியியல் எடுக்கிறேன். கரட்டுக்காரன் ஐயா, உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் இரண்டையும் இப்படிப் பிரிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஆற்றில் விழுந்த கழிவை நுண்ணுயிர் தின்று செரிக்க வேண்டும், அதற்குத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 35 டிகிரியில் ஏழுதான் பிடிக்கும். அதே நேரத்தில் சூட்டில் நுண்ணுயிர் வேகமாகத் தின்னும், ஆக்சிஜனைச் சீக்கிரம் தீர்க்கும். தீர்ந்த பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழ்கிற வேறு கூட்டம் வரும், அழுகின முட்டை நாற்றம் அதன் வேலை. ஆகவே அதே பட்டறை, அதே அளவு கழிவை விட்டாலும், சித்திரை வெயிலில் ஆறு முன்பைவிடச் சீக்கிரம் செத்துவிடும். வெப்பம் கழிவைப் பெரிதாக்குகிறது.

மழையும் அப்படித்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், பெய்யாத நாட்களில் மண்ணிலிருந்து கூடுதலாக உறிஞ்சும். தம்பியின் முப்பது சென்ட் தூறலுக்கும் ஃபெஞ்சல் மழைக்கும் இது ஒன்றே முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன், ஒரு புயலை வைத்து அப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் போகிற திசை அதுதான். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது, 2024ஆம் வருஷத்தின் உலகச் சராசரி பழைய அளவைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் போனது. இதில் நம் பங்கும் உண்டு, மேட்டூரில் எரிகிற நிலக்கரியில் ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் நானும் எழுதுகிறேன்.

நம் ஊர் அமைப்பையும் யோசியுங்கள். வடக்கே நகரமலை, சேர்வராயன், மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, தெற்கே ஜருகுமலை. கிண்ணம் மாதிரி. மார்கழி விடியற்காலையில் எரித்த குப்பைப் புகையும் வெள்ளிப் பட்டறைப் புகையும் மேலே போகாமல் அப்படியே படுத்துக்கொள்ளும். செவ்வாய்ப்பேட்டை பக்கம் காலை நடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.


தறிச்சத்தம் எழுதியது:

அம்மாபேட்டையில் பன்னிரண்டு விசைத்தறி. மேலே சிமெண்ட் அட்டைக் கூரை. 2024 ஏப்ரல் கடைசியில் சேலம் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்களில் பகலைவிட ராத்திரிதான் கொடுமை, பதினொரு மணிக்கும் கூரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருந்தது. காற்று காய்ந்தால் நூல் முறுக்கு விட்டு அறும், அதனால் மணிக்கொரு தரம் தரையில் தண்ணீர் தெளிப்போம். தெளித்த ஈரமும் சூடும் சேர்ந்து மனுஷனுக்குப் புழுக்கம். நூலுக்கு நல்லது ஆளுக்கு ஆகவில்லை. எங்கள் தறியில் ஓட்டுகிற அக்கா ஒருத்தர் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தார், நல்லவேளை ஓடுகிற பட்டை பக்கம் சாயவில்லை. அதற்கப்புறம் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை தறியை நிறுத்திவிட்டு ராத்திரியில் ஓட்டுகிறோம், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கம் போகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தோம், கொஞ்சம் குறைந்தது, உண்மையாகவே குறைந்தது. செலவும் பெரிசில்லை, முடிந்தவர்கள் அடியுங்கள்.


குச்சிக்காடு எழுதியது:

ஆத்தூர் பக்கம் மரவள்ளி. எங்கள் ஊரில் குச்சிக்கிழங்கு என்போம். 2020இல் கேரளாவில் முதலில் பார்த்த மாவுப்பூச்சி இரண்டே வருஷத்தில் எங்கள் காட்டுக்குள் வந்துவிட்டது. நுனி சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிடும், வெள்ளையாக மாவு அப்பியிருக்கும், கிழங்கு விரல் கனம்தான் வைக்கும். வறண்ட வெயில் நீண்டால் அந்தப் பூச்சி பெருகும், நல்ல மழை அடித்தால் கழுவிக்கொண்டு போகும். வெயில் நாள் நீண்டுகொண்டே போகிறது என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

மருந்து அடித்து அடித்துத் தோற்றோம், மாவுக்குள் மருந்து இறங்காது. 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்த ஒரு குட்டிக் குளவியை விட்டார்கள், கொசுவைவிடச் சின்னது, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைத் தின்றுவிடும். எங்கள் காட்டில் அது பரவின பிறகு மருந்தை நிறுத்திவிட்டேன், அடித்தால் குளவியும் சாகும். இப்போது நுனி பச்சையாக வருகிறது. நடவுக் குச்சி வெளியூரில் வாங்குகிறவர்கள் நன்றாகப் பார்த்து வாங்குங்கள், பூச்சி அதில்தான் ஊர் ஊராகப் போகிறது.


கரட்டுக்காரன் எழுதியது:

வாத்தியார் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கழிவை வெப்பம் பெரிதாக்குகிறது என்பது எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் என் வரிசை மாறாது. கரியமில வாயுவை நானும் நீங்களும் இன்றைக்கு நிறுத்த முடியாது, வால்வை நிறுத்த முடியும். மூக்கனேரியைப் பாருங்கள். 2010இல் ஊர் ஆட்களே சேர்ந்து தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகப் போட்டு மரம் வைத்தார்கள். அதற்கு முன் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். இன்றைக்குச் சாயங்காலம் கன்னங்குறிச்சி பக்கம் போனால் அந்தத் திட்டுகளில் கொக்கும் நாரையும் அடைகின்றன. ஐ.நா. சபை கூடித் தீர்மானம் போட்டா அது நடந்தது?

காபித் தம்பி, உன்னை முதல் நாள் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். கல்யாண முருங்கைப் போத்து (வெட்டி நடுகிற கிளை) என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனி, ஆடி மழையில் நட்டால் பிடித்துக்கொள்ளும், வந்து வெட்டிக்கொண்டு போ.


காபிக்காடு எழுதியது:

கட்டாயம் வருகிறேன் அண்ணா. தங்கை கல்யாணத்துக்கு வெட்டின வரிசை முழுக்க அதையே வைக்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னொரு விஷயம். அப்பா ஒரு மழை நோட்டு வைத்திருந்தார், தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியில் அளந்து எழுதுவார், காய்ச்சலில் கிடந்த நாட்களில் அம்மா கையெழுத்து இருக்கிறது. அவருக்குப் பின் நான் இரண்டு வருஷம் விட்டுவிட்டேன், போன தை மாதத்திலிருந்து மறுபடி எழுதுகிறேன். ஆற்றோரம் அண்ணா, உங்களால் முடிந்தால் நுரை வருகிற நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். மேலே பெய்த மழையையும் கீழே வந்த நுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மழைத் தண்ணீரோடு தானாக வந்தது எது, வேண்டுமென்றே திறந்துவிட்டது எது என்று பிடித்துவிடலாம். மழையே இல்லாத நாளில் நுரை வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.


பட்டறை எழுதியது:

அந்த நாட்களைக் குறிக்க என்னாலும் உதவ முடியும். பெயர் வேண்டாம்.


ஆற்றோரம் எழுதியது:

குறிக்க ஆரம்பித்துவிட்டேன். வியாழன் ராத்திரி பத்தரைக்கு இங்கே இடி மட்டும், மழை இல்லை. வெள்ளி விடியற்காலை நாலு மணிக்குத் தடுப்பணையில் நுரை, முழங்கால் உயரம், ஊதா நிறம். மேலே எத்தனை சென்ட்?


காபிக்காடு எழுதியது:

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மானி காய்ந்தே இருந்தது அண்ணா. ஒரு சொட்டு இல்லை.